அணையில் தண்ணீரை எவ்வளவு கீழே இறக்கலாம்? வைகை, பெரியாறு, ஊர்க் கண்மாய்: முழுமையான வழிகாட்டி

நாளிதழில் அணை நிலவரத்தைப் பார்த்துவிட்டு, "வைகையில இன்னும் நாப்பது அடி கிடக்கே, திறந்தா என்ன?" என்று கேட்காத விவசாயி மேலூர்ப் பக்கமும் வாடிப்பட்டிப் பக்கமும் அநேகமாக இருக்க மாட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நாற்பதில் எத்தனை அடி வாய்க்காலுக்கு வரும், எத்தனை அடி அணைக்குள்ளேயே கிடக்கும் என்பது பேப்பரில் வராது. அணைக்கு அடிமட்டம் ஒன்றே ஒன்று என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். எத்தனை மதகு இருக்கிறதோ அத்தனை அடிமட்டம் உண்டு. உங்கள் வயலுக்கு வரும் மதகு எங்கே இருக்கிறதோ, அங்கேயே உங்களுக்கு அணை முடிந்துவிடுகிறது.

பெரிய அணைக்கும் ஊர்க் கண்மாய்க்கும் கணக்கு ஒன்றுதான். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீங்களே போட்டுப் பார்க்கலாம். அணைக்கு வரும்போது, அதிகாரிகள் சொல்வது சரியா என்று தெரிந்துகொள்ளவாவது இது உதவும்.

1. அளவுகோலின் பூஜ்யம் எங்கே?

வைகை அணையின் கட்டுமான உயரம் 111 அடி. ஆனால் அதில் தண்ணீர் தேக்குவது 71 அடி வரைதான். முல்லைப் பெரியாறு அணையின் உயரம் 176 அடி, பழைய முழு நீர்மட்டம் 152 அடி. பேப்பரில் வரும் அடிக்கணக்கு அணைக்குள் பதித்த அளவுகோலின் கணக்கு. சுவரின் உயரத்தோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்த அளவுகோலின் பூஜ்யம், அணை கட்டிய காலத்துத் தரை. இன்றைக்கு அதன் மேல் வண்டல் ஏறிக் கிடக்கும். வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டபோது கொள்ளளவு 6,879 மில்லியன் கன அடி. இப்போது நிலவரத்தில் அச்சாவது 6,091. அடிக்கணக்கு அதே 71, உள்ளே இருக்கும் தண்ணீர்தான் குறைந்துவிட்டது.

கண்மாயில் அளவுகோல் இல்லையென்றால் மடைத்தூணில் பெயின்ட்டால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கலுங்கின் (கண்மாய் நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம்) மேல்மட்டம் ஒரு கோடு, மடையின் அடிக்கல் ஒரு கோடு. இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

2. ஒவ்வொரு வாயிலின் மட்டத்தையும் எழுதுங்கள்

கண்மாயில் மேல்மடை, கீழ்மடை, கலுங்கு. அணையில் ஷட்டர், ஆற்று மதகு, கால்வாய் மதகு, குடிநீர்க் குழாய். ஒவ்வொன்றின் அடிக்கல்லும் அளவுகோலில் எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். எந்த மட்டம் வரை யாருக்குத் தண்ணீர் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள முல்லைப் பெரியாறைவிட நல்ல உதாரணம் கிடையாது. பென்னிகுவிக் 1895-இல் கட்டி முடித்த அந்த அணைக்கு மேற்கே இறங்கும் உபரிநீர் வழியின் மட்டம் 136 அடி. 13 ஷட்டர்களையும் முழுக்கத் தூக்கினாலும் 136-க்குக் கீழே ஒரு சொட்டு அந்த வழியாகப் போகாது. 1979-இல் பாதுகாப்புப் பிரச்சினை கிளம்பியபோது நீர்மட்டத்தைக் குறைத்தார்களே, அது ஏன் 136 என்று யோசித்திருக்கிறீர்களா? ஷட்டரைத் தூக்கிவிட்டால் தண்ணீர் தானாக வந்து நிற்கும் மட்டம் அது. பிறகு 2006-இலும் 2014-இலும் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்க அனுமதித்தது.

நமக்குத் தண்ணீர் வரும் வழி வேறு. அது அணையிலேயே இல்லை. ஏரியின் மறுகோடியில், தேக்கடியில், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வாயில் இருக்கிறது. அதன் மட்டம் 104 அடி. 104-க்கு மேல் இருப்பது தமிழ்நாட்டுக்கு வரும். அதற்குக் கீழே இருப்பது அங்கேயே கிடக்கும். மொத்தக் கொள்ளளவு 15.6 டிஎம்சிக்கு (ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) கொஞ்சம் மேல் என்றால், அதில் சுமார் 5 டிஎம்சி இப்படிச் சுரங்கத்துக்கு எட்டாத தண்ணீர். தேக்கடியில் படகில் போகும்போது நீருக்கு மேல் நிற்கும் பட்ட மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சுற்றியுள்ள தண்ணீரில் கணிசமான பகுதி கம்பம் பள்ளத்தாக்குக்கு வரவே வராது.

அப்படியென்றால் ஆபத்து நேரத்தில் அந்த அணையை 104-க்குக் கீழே எப்படி இறக்குவது? இருக்கிற அமைப்பில் வழி இல்லை. அதனால்தான் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு, 50 அடி மட்டத்தில் புதிதாக ஒரு சுரங்கம் தோண்டலாம் என்ற யோசனையை முன்வைத்தது. அணையின் வலிமையைப் பற்றி இரண்டு மாநிலங்களிலும் எவ்வளவோ பேசுகிறோம். எவ்வளவு இறக்க முடியும் என்ற இந்தக் கேள்வி அதில் அடிபட்டே போய்விடுகிறது என்பது என் வருத்தம்.

அடுத்து வைகை. ஆற்றுக்குத் தண்ணீர் விடும் ஏழு சிறிய மதகுகள் கீழே இருக்கின்றன. வெள்ளத்தை வெளியேற்றும் ஏழு பெரிய மதகுகள் மேலே. உசிலம்பட்டிப் பக்கம் போகும் 58 கிராமக் கால்வாய்க்கு மட்டும் கணக்கே தனி. அணை 67 அடியைத் தொட்டால்தான் அதில் தண்ணீர் திறக்க முடியும். அதாவது, 71 அடி அணையில் உசிலம்பட்டிக்காரருக்குச் சொந்தமானது மேலே உள்ள நாலே அடி. அணையில் 60 அடி இருக்கும்போது மதுரையில் கொண்டாட்டமாக இருக்கும். உசிலம்பட்டியில் அணை காலி என்றுதான் அர்த்தம். ஒருவர் 60 அடி என்று சந்தோஷப்படுவதும் இன்னொருவர் மறியலுக்கு உட்காருவதும் ஒரே நாளில் நடப்பதற்குக் காரணம் இந்த மட்டம்தான்.

3. அடியை ஏக்கர்-அடியாக மாற்றுங்கள்

அணை அடியில் குறுகி மேலே விரியும். அதனால் மேலே உள்ள ஓர் அடியும் கீழே உள்ள ஓர் அடியும் ஒன்றல்ல. அணைக்கு இதற்கென்று கொள்ளளவு அட்டவணை இருக்கும். கண்மாய்க்கு நாமே போட்டுக்கொள்ளலாம்.

கணக்குக்காக ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். அளவுகோலில் கலுங்கு 12 அடி, மடையின் அடிக்கல் 3 அடி. நிரம்பினால் 80 ஏக்கர் தண்ணீர் பரவும். மடை மட்டத்துக்கு வற்றினால் 20 ஏக்கர்.

கணக்கு இதுதான்: மேல் பரப்பு, கீழ் பரப்பு, இரண்டையும் பெருக்கியதன் வர்க்கமூலம், மூன்றையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். 80, 20, 40 கூட்டினால் 140. ஒன்பது அடி உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 420 ஏக்கர்-அடி. ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி. மில்லியன் கன அடியில் சொன்னால் 18 சொச்சம். மடைக்குக் கீழே கிடப்பது சுமார் 20 ஏக்கர்-அடி.

இப்போது பாதி உயரத்தைப் பாருங்கள். அளவுகோலில் ஏழரை அடி. பரப்பு ஏறக்குறைய 45 ஏக்கராக இருக்கும். அங்கிருந்து மடை வரை கணக்குப் போட்டால் 142 ஏக்கர்-அடிதான் வருகிறது. அதாவது, உயரத்தில் பாதி இறங்கியபோதே எடுக்கக்கூடிய தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. "பாதிக் கண்மாய் கிடக்கு" என்று நம்பி நாற்றுப் பாவியவர்கள் கடைசித் தண்ணீருக்குத் தவிப்பது இதனால்தான். கதிர் முற்ற இன்னும் ஒன்றரை அடி தண்ணீர் வேண்டும் என்றால், வாய்க்காலில் ஒரு சொட்டு வீணாகாமல் போனாலும் அந்த 142 ஏக்கர்-அடி 95 ஏக்கருக்குத்தான் காணும்.

ஒரு சுருக்கு வழி: வினாடிக்கு ஒரு கன அடி வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய இரண்டு ஏக்கர்-அடி. வைகையில் இருபோகப் பாசனப் பகுதியான 45,041 ஏக்கருக்கு வினாடிக்கு 900 கன அடி திறக்கிறார்கள் என்று படித்திருப்பீர்கள். முதல் 45 நாள் முழுமையாக, அடுத்த 75 நாள் முறை வைத்து. முதல் 45 நாளுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 3,500 மில்லியன் கன அடி வேண்டும். நிரம்பிய வைகையில் பாதிக்கு மேல். பெரியாற்றிலிருந்து வரத்து இல்லாமல் வைகையை மட்டும் நம்பித் திறக்கத் தயங்குவது ஏன் என்று இப்போது புரியும்.

4. மடை மட்டம் வரை ஒரே வேகத்தில் வராது

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய குழாயில் வேகம் தளர்வதைப் பார்த்திருப்பீர்கள். மதகும் அப்படித்தான். வேகம், மதகு வாயின் நடுவிலிருந்து மேலே நிற்கும் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. அந்த உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும்.

நம் கண்மாயின் மடை இரண்டடிக்கு இரண்டடி என்று வையுங்கள். முழுக்கத் திறந்தால், மதகு வாயில் நீரோட்டம் சுருங்குவதற்காக வழக்கமாகப் பெருக்கும் 0.6 குணகத்தோடு, கண்மாய் நிரம்பியிருக்கும்போது வினாடிக்கு 54 கன அடி வரும். ஏழரை அடியில் 36. ஐந்தடியில் 19. அதற்குக் கீழே மடையின் மேல்விளிம்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். நாலடியில் 6 கன அடி வந்தால் அதிகம். கடைசி ஓரடி கசிவதுபோல்தான் வரும். வாய்க்காலின் கடைமடைக்கு அது போய்ச் சேராது, வழியிலேயே மண் குடித்துவிடும். ஆகவே உண்மையான அடிமட்டம் மடைக்கல் அல்ல, கடைமடைக்குப் போய்ச் சேரும் அளவுக்காவது தண்ணீர் வரும் மட்டம். பெரும்பாலான கண்மாய்களில் அது மடைக்கல்லுக்கு ஓரடி, ஒன்றரை அடி மேலே இருக்கும்.

மடைக்கு மேல் தண்ணீர் கொஞ்சமாக நிற்கும்போது சுழி விழுவதையும் கவனியுங்கள். சுழி காற்றை இழுத்துக்கொண்டு போகும். குழாய் மடையில் படபடவென்று சத்தம் கேட்கும், ஷட்டர் அதிரும். சத்தம் கேட்டால் திறப்பைக் குறைக்க வேண்டும். மின்நிலையத்துக்குப் போகும் குழாய்களில் இந்தக் காரணத்துக்காகவே, வாய்க்கு மேல் இத்தனை அடி நிற்க வேண்டும் என்று தனியாகக் குறைந்தபட்ச மட்டம் வைத்திருப்பார்கள்.

5. எவ்வளவு வேகமாக இறக்கலாம்?

எவ்வளவு இறக்கலாம் என்று கேட்பவர்கள் எவ்வளவு வேகமாக என்று கேட்பதே இல்லை. ஆனால் கரை சரிவது பெரும்பாலும் இதில்தான்.

மண்கரை பல மாதம் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது. கரைக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. கண்மாயில் நிற்கும் தண்ணீர் அதை எதிர்த்துத் தாங்கிப் பிடிக்கிறது. வெளித்தண்ணீரைச் சட்டென்று எடுத்துவிட்டால் தாங்கல் போய்விடும். ஆனால் களிமண்ணுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் வடியாது. ஊறிய மண் தன் எடையிலேயே உள்பக்கமாகச் சரியும். வைகை அணையும் நடுவில் கல் கட்டுமானம், இரு பக்கமும் மண்கரை என்று அமைந்த கூட்டு அணைதான். கல் அணைக்கு இந்தப் பயம் குறைவு. மண்கரைக்கு இது பெரிய விஷயம்.

உலகம் அறிந்த உதாரணம், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சான் லூயிஸ் அணை. 1981-இல் 120 நாளில் ஏறக்குறைய 180 அடி இறக்கினார்கள். நாளுக்கு ஒன்றரை அடிதான். அத்தனை வருடம் பிரச்சினை இல்லாமல் நின்ற கரையின் உட்சரிவு பெரிய நீளத்துக்கு நழுவி விழுந்தது.

நம் கண்மாய்க்குத் திரும்புவோம். மடையை முழுக்கத் திறந்தால் நிரம்பிய நிலையில் நாளுக்கு 108 ஏக்கர்-அடி போகும். 80 ஏக்கர் பரப்பில் அது ஓரடி நாலு அங்குல இறக்கம். ஏழரை அடிக்கு வரும்போது மடையில் வரும் தண்ணீர் குறைகிறது, ஆனால் பரப்பு அதைவிட வேகமாகச் சுருங்கிவிடுகிறது. இறக்கம் நாளுக்கு 1.6 அடி ஆகிவிடும். நிரம்பியிருக்கும்போது பயப்படுவோம், வற்றும்போது அலட்சியமாக இருப்போம். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது: நடுவில்தான் வேகம் அதிகம்.

பழைய களிமண் கரைக்கு நாளுக்கு அரை அடி என்று வைத்துக்கொள்வது நல்லது. சாதாரணக் காலத்தில் ஓரடியைத் தாண்ட வேண்டாம். ஏழரை அடி மட்டத்தில் அரை அடி இறக்க 11 கன அடி போதும். அதாவது, ஷட்டரை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் திறந்தால் சரி. தினமும் காலையில் கரையின் உள்பக்கத்தை நடந்து பாருங்கள். கரைக்கு இணையாக நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தால், பதித்த கல் உப்பியோ இறங்கியோ இருந்தால், மடையை அடைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். குறுக்கே போகும் சின்ன வெடிப்பு பெரும்பாலும் வெயிலுக்கு வருவது. அதற்கு அவசரம் இல்லை, ஆனால் மறந்துவிடவும் கூடாது.

ஆபத்துக் காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தில் டாட்புரூக் அணையின் உபரிநீர் வழி உடைந்தபோது, கீழே இருந்த வேலி பிரிட்ஜ் ஊரிலிருந்து சுமார் 1,500 பேரை வெளியேற்றி, பம்புகளைக் கொண்டுவந்து இரவு பகலாக இறைத்தார்கள். அணை இருந்தால் மட்டும் போதாது, தேவைப்படும்போது வேகமாக இறக்க வழியும் இருக்க வேண்டும் என்பதை அதன்பின் அங்கே தீவிரமாகப் பேசினார்கள்.

6. கீழே யார் இருக்கிறார்கள்?

வைகையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. அதோடு உபரிநீர் திறப்பு. மதுரையில் ஆற்றுக்குள் இருக்கும் தரைப்பாலங்களும் கரையோரச் சாலைகளும் முதலில் முழுகும். கண்மாய் என்றால் அடுத்த கண்மாய்க்குச் சொல்லிவிட்டுத் திறங்கள். சங்கிலித் தொடரில் உங்கள் மறுகால்தான் அவர்களுக்கு வரத்து. அவர்கள் கரையில் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

7. யாருக்காக நிறுத்தி வைப்பது?

மதுரைக்குக் குடிநீர் வைகை அணையை நம்பி இருப்பதால், பாசன மதகு எட்டும் மட்டம் வரை பாசனத்துக்கு விட்டுவிட மாட்டார்கள். கோடைக்கான குடிநீர், ஆவியாவது, மண்ணில் இறங்குவது எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் மீதி.

ஆவியாவதைக் குறைத்து எடை போடாதீர்கள். நம் பக்கத்துக் கோடையில் நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் போகும். மாதத்துக்குச் சுமார் எட்டு அங்குலம். 45 ஏக்கர் பரப்பில் அது 30 ஏக்கர்-அடி. 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மகோல் அட்டையைப் பரப்பியதைச் சொல்லி இன்னமும் சிரிக்கிறோம். நோக்கம் பைத்தியக்காரத்தனம் இல்லை, தண்ணீரை மூடினால் ஆவியாவது குறையும்தான். காற்றடித்தால் அட்டை கரைக்கு ஒதுங்கும் என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

மீன் இன்னொரு கட்சி. மீன் பாசி குத்தகை எடுத்தவருக்கு, மீன் பெருக்கும்வரை தண்ணீர் வேண்டும். பிடிக்கும் நேரத்தில் வற்ற வேண்டும். பாசனக்காரருக்கு நேர் எதிர். மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழாவுக்கு ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே இறங்குவது, தண்ணீர் மடைக்குக் கீழே போய், பாசனத்துக்கு இனி ஆகாது என்ற பிறகுதான். மடைக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் வீண் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆடு மாடு குடிப்பதும் பக்கத்துக் கிணறு ஊறுவதும் அதே தண்ணீரில்தான்.

8. மடைக்குக் கீழேயும் எடுக்க வேண்டும் என்றால்

முதலில் அனுமதி. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதில் தீர்மானம் போட்டுக்கொண்டு போங்கள்.

கரையின் மேல் குழாய் போட்டு உறிஞ்சு முறையில் இழுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நடைமுறையில் கரை உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் 20 அடிக்குள் இருந்தால்தான் அது ஓடும். அதைவிட முக்கியமான நிபந்தனை, குழாயின் மறுமுனை உள்ளே இருக்கும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வாய்க்கால் பெரும்பாலும் மடைக்கல்லின் மட்டத்திலேயே தொடங்குவதால், மடைக்குக் கீழே போன தண்ணீர் உறிஞ்சு குழாயில் வாய்க்காலுக்கு ஏறாது. ஆயில் இன்ஜின் அல்லது மிதவை பம்புதான் வழி. குழாய் வாயைச் சேற்றுக்கு ஓரடி மேலே தொங்கவிடுங்கள், இல்லையென்றால் சகதிதான் வரும். குடிநீர்த் திட்டங்களும் இந்த மட்டத்தில் திணறுவது கலங்கலால்தான்.

தூர்வாருவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மடைக்கல்லுக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் பாசனத்துக்கு ஒரு சொட்டுகூடக் கூடுதலாகக் கிடைக்காது. பாசனத்துக்காக என்றால் மடைக்கும் கலுங்குக்கும் இடையே ஏறிய வண்டலை எடுக்க வேண்டும்; அது வரத்துக் கால்வாய் வந்து சேரும் பக்கம்தான் அதிகம் இருக்கும். ஆனால் லாரி வந்து நிற்க வசதியான இடம் கரையோரம், அதனால் பள்ளமும் அங்கேயே விழும். கரையடியில் தோண்டிய பள்ளம் கரையையே இழுத்துக்கொண்டு போகும்.

9. இறக்கிய பிறகு

வற்றிய கண்மாயில்தான் மடையின் உள்பக்கத்தைக் கண்ணால் பார்க்க முடியும். ஷட்டர் தகட்டின் அடியில் துரு அரித்திருக்கிறதா, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா, திருகுக் கம்பி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸ் போட்டு முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். மடைக்குழாயைச் சுற்றி மண் உள்வாங்கிய ஓட்டை இருந்தால் களிமண் வைத்து இடித்து அடைக்க வேண்டும். வெறும் சிமென்ட் பூசினால் அதன் பின்னால் ஓட்டை வளர்ந்துகொண்டே இருக்கும்.

மழை வந்து மறுபடி நிரம்பும்போது, வெயிலில் வெடித்த கரையில் முதல் தண்ணீர் ஏறுவதுதான் கவனிக்க வேண்டிய நேரம். கரையின் வெளிப்பக்க அடியில் ஈரம் தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். கசிவது தெளிந்த தண்ணீர் என்றால் தினமும் பார்த்தால் போதும். கலங்கலாக வந்தால் மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இது ஆபத்துக் காலம், அரை அடிக் கணக்கு இங்கே பொருந்தாது: கீழே இருப்பவர்களுக்குச் சொல்லி, ஆளைக் கூப்பிட்டு, உடனே மடையைத் திறந்து, கசிவு நிற்கும் மட்டம் வரை முடிந்த அளவு வேகமாக இறக்குங்கள்.